சிவப்பு டேப் ஒட்டிய பெட்டிகள்

ஒடீல் வாந்தாமுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கை சுறுசுறுப்பாகிவிடும். மேசையைத் துடைப்பாள். திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போடுவாள். துடைத்த மேசையை மறுபடி துடைப்பாள். லுமெக்லேர் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "ஒடீல் மேசை பளபளக்குது, இன்னிக்கு யாரும் கிட்டப் போயிடாதீங்க" என்பார்கள். கம்பெனியின் கடைசி வருஷத்தில் அந்த மேசையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

பிரான்சின் வடக்கு எல்லையில் இருக்கும் ரூபேயில், கால்வாய்க்குப் பக்கத்தில், செங்கல் வீடுகள் தோளோடு தோள் இடித்து நிற்கும் தெருவொன்றில் பிறந்தவள் அவள். அம்மா கம்பளி மில்லில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிறவள். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லை தாண்டி பெல்ஜியத்துக்கு பீர் வாங்கப் போனவர், போனவர்தான். ஒரே தம்பி ரெமி, அவளுக்கு ஒன்பது வயசு இளையவன். அம்மா ஷிஃப்டுக்குப் போனால் அவனுக்குச் சூப் சூடாக்கித் தருவதும், மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுவிடுவதும், தெருப் பையன்கள் அவனை அடித்தால் போய்த் திருப்பி அடிப்பதும் ஒடீல்தான். பதினாறு வயசில் படிப்பை நிறுத்தினாள். புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வரும். ஒரு கடிகாரத்தைத் திறந்தால் சாப்பாடு மறந்துபோகும். இப்படிப்பட்டவளுக்குத் தெவ்னான் போட்டோ லேபில் வேலை கிடைத்தது.

அது ஜனங்கள் ஃபிலிம் ரோலை உறையில் போட்டுத் தபாலில் அனுப்பிய காலம். லேபில் அதைக் கழுவி, பிரிண்ட் போட்டு, திரும்பத் தபாலில் சேர்க்க வேண்டும். மில்லுக்கு அடுத்தபடியாக அந்த ஊரே தபால் பெட்டிகளால் பிழைத்த ஊர். பாதிப் பேர் எங்கேயோ ஓரிடத்தில் பெட்டி கட்டினார்கள். மீதிப் பேர் திரும்பி வந்த பெட்டியைப் பிரித்தார்கள். அதனால் உறைகளை அடுக்கும் வேலையை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவள் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் லேபில் ஒரு ரோல் தொலைந்துபோனது. அனுப்பியவள் ஒரு இளம் தாய். அதில் இருந்தது அவளுடைய குழந்தையின் படங்கள். குழந்தை இப்போது இல்லை. லேபில் மூன்று நாள் தலைகீழாகத் தேடினார்கள். கிடைக்கவில்லை. முதலாளியின் மகன் கஸ்பார் தெவ்னான், அப்போது மீசைகூடச் சரியாக அரும்பாதவர், தானே காரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. வழியில் ஒரு பெட்டி நிறையச் சிவப்பு டேப் வாங்கி வந்திருந்தார்.

"இனிமே வெளியிலேர்ந்து வர்ற ஒவ்வொண்ணுக்கும் இதை ஒட்டணும். நம்ம சரக்கு வேற, இது வேற. இது அவங்களோடது. நம்ம கையில கொஞ்ச நாள் தங்கியிருக்கு, அவ்வளவுதான்."

ஒடீல் அந்த வார்த்தையை வாங்கி மனசில் போட்டுக்கொண்டாள். சொன்னவர் அதை எப்போது தொலைத்தார் என்பது அவருக்கே தெரியாது.

பிறகு இணையம் வந்தது. இப்போது முதலாளியாகிவிட்ட கஸ்பார் தெவ்னான் லேபின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஃபிலிமே வேண்டாத புதுக் கேமரா ஒன்றைப் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டார். படம் எடுக்கும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒடீல். பின்னால் வெள்ளையாகத் தெரிந்தது அவள் அம்மாவின் படுக்கை விரிப்பு. மறுநாள் மார்செய்யிலிருந்து யாரோ ஒருவர் அதை வாங்கினார். தெவ்னான் மேசைமேல் ஏறி ஆடினார். எல்லாருக்கும் வாஃபிள் பலகாரம் வாங்கி வந்தார். விரிப்பு திரும்பி வரவில்லை; அம்மா அதைப் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லேப் என்பது லுமெக்லேர் ஆயிற்று. கேமராவுக்குப் பின்னால் மடிக்கணினி, டீவி, கடைசியில் துணி துவைக்கும் இயந்திரம் வரைக்கும் விற்றார்கள். போர்ச்சுகலில் ஒருத்தி இரவு உடையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் ரூபேயில் ஒரு பெட்டி கட்டப்பட்டது. ஒரு கூடம் நிறையப் பெண்கள் ஐரோப்பாவின் அத்தனை பாஷையிலும் போனில் மன்னிப்புக் கேட்டார்கள். மூடிக் கிடந்த கம்பளி மில்லை இடித்து, அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. ஒடீலின் அம்மா ஒரு தடவை வந்து பார்த்தாள். "நான் முப்பது வருஷம் உக்கார இடமில்லாம நின்ன எடத்துல சோபா போட்டிருக்கானுங்க" என்றாள். அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

எல்லாம் மாறியும் சர்வீஸ் பிரிவில் சிவப்பு டேப் மட்டும் மாறவில்லை. பழுது பார்க்க வரும் கேமராவோ கணினியோ, உள்ளே நுழைந்ததும் ஒடீல் கையால் பெட்டிக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை. அதைப் பார்த்தால் யாரும் தொட மாட்டார்கள்.

தெவ்னான் கம்பெனியை ஒரு டச்சுக் குழுமத்துக்கு விற்றார். விடைபெறும் விருந்தில், கண்ணாடிக் கட்டடத்தின் மாடியில், கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். "நாம ஒரே குடும்பம். எப்பவும் ஒரே குடும்பம்தான்."

"குடும்பத்தை யாராவது விப்பாங்களா, கஸ்பார்?" என்று கேட்டாள் ஒடீல். வேடிக்கை என்று நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து ஒடீல் சமையலறை ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள்.

டச்சுக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் அளந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். கிடங்கை ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லாருக்கும் கையில் பிடிக்கும் ஸ்கேனர் கொடுத்தார்கள். பெட்டிகளுக்குப் புது நிறங்கள் வந்தன: பச்சை என்றால் விற்கலாம், மஞ்சள் என்றால் விலை குறைத்து விற்கலாம், சிவப்பு என்றால் குப்பை, உடைக்க வேண்டியது. இதை விளக்க ஒரு நாள் முழுக்க வகுப்பு நடந்தது, கிடங்கு ஆட்களுக்கு மட்டும். சர்வீஸ் பிரிவை யாரும் கூப்பிடவில்லை. அவர்களைக் கிடங்கின் பின்மூலையில், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒதுக்கியிருந்தார்கள். ஒடீலுக்கு இந்த நிறக் கதை காதில் விழுந்ததே சாப்பாட்டு மேசையில்தான்.

"அவங்க நிறத்தை அவங்க பாத்துக்கட்டும். என் மூலையில சிவப்புன்னா எப்பவும் உள்ளதுதான்" என்று சொல்லிவிட்டுச் சிக்கரிக் காப்பியைக் குடித்தாள்.

அந்தக் கிடங்கில்தான் தம்பி ரெமியைச் சேர்த்துவிட்டாள். அதுவரை அவன் பார்த்த வேலை எதுவும் ஒரு பருவத்துக்கு மேல் நிலைக்கவில்லை. இங்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். பிறகு தொழிற்சங்கப் பிரதிநிதியானான். அவன் கையில் மைக்கைக் கொடுத்தால் நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல்கூட அடங்கினமாதிரி இருக்கும். ஒடீல் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டு, கைதட்டாமல், பக்கத்தில் நிற்கும் ஃபதேலாவிடம் மட்டும், "சட்டைக் காலரைப் பாரு, நான் இஸ்திரி போட்டது" என்பாள்.

"அக்கா போட்ட இஸ்திரிதான் பேசுது, அவன் சும்மா வாயசைக்கிறான்" என்பாள் ஃபதேலா. அவளும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். கிடங்கிலேயே பெரிய குரலும் பெரிய மனசும் அவளுக்குத்தான்.

டச்சுக்காரர்கள் அளந்து முடித்ததும் கம்பெனியை லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஒரு நிதி நிறுவனத்திடம் தள்ளிவிட்டார்கள். இந்தப் புது முதலாளியின் முகத்தை ரூபேயில் ஒருவரும் பார்த்ததில்லை. கண்ணாடிக் கட்டடம் விற்கப்பட்டது. லுமெக்லேர் என்ற பெயரையே வேறொரு நாட்டில் பதிந்துவைத்து, அந்தப் பெயரைப் பயன்படுத்துவதற்குக் கம்பெனியிடமே வாடகை வாங்கினார்கள். சர்வீஸ் பிரிவுக்கு உதிரிப்பாகங்கள் வருவது நின்றது. பழுது பார்க்க வந்த சாமான்கள் அலமாரியில் சேர்ந்துகொண்டே போயின. போனில் வாடிக்கையாளர்கள் ஒடீலைத் திருடி என்றார்கள், சோம்பேறி என்றார்கள். அவள் மேசையைத் துடைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை கிடங்கின் கதவில் பூட்டுத் தொங்கியது. கம்பெனி திவால். நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கோர்மியே என்பவர், நல்ல துணியில் கோட்டு அணிந்தவர், வாசலில் நின்று மெதுவான குரலில் ஒரு காகிதத்தை வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் ஃபதேலா பின்பக்கச் சரக்கு வாசலைத் திறந்துவிட்டாள். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதில் பழக்கம் உண்டு. ஆலையை மூடினால் சும்மா வீட்டுக்குப் போவதில்லை. சரக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவார்கள். அதற்குப் போர்ப் புதையல் என்று பெயர். வாசலில் ஃபோர்க்லிஃப்டுகளை வரிசையாக நிறுத்தினார்கள். எண்ணெய்ப் பீப்பாயில் சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகளை உடைத்துப் போட்டு நெருப்பு வளர்த்தார்கள். மிளகாய் போட்ட மெர்கேஸ் தொத்திறைச்சியைச் சுட்டு ரொட்டிக்குள் வைத்துத் தின்றார்கள். கேட்டது நியாயமான இழப்பீடும், மறுபடி வேலைக்குப் போக ஒரு பயிற்சியும். "கொடுக்கலேன்னா எல்லாத்தையும் கொளுத்துவோம்" என்று துணியில் எழுதித் தொங்கவிட்டார்கள்.

எழுத்து கோணாமல் எழுதித் தந்தது ஒடீல். அவளுக்குச் சம்மதம்தான். தொலையட்டும், டீவிகளை எரிக்கட்டும், லக்ஸம்பர்க்காரன் வயிறு எரியட்டும். ஆனால் பின்மூலை அலமாரியில் இருந்தவை லக்ஸம்பர்க்காரனுடையவை இல்லையே.

இரண்டாம் நாள் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கோர்மியே வந்து நின்றபோது அவளே போய்க் கேட்டாள்.

"ஐயா, சர்வீஸுக்கு வந்த சாமான் எங்களோடது இல்ல, கம்பெனியோடதும் இல்ல. ஆளுங்க அனுப்பினது. அதை மட்டும் திருப்பி அனுப்ப ஒரு வழி பண்ணுங்க."

"புரியுதும்மா" என்றார் கோர்மியே. "ஆனா உள்ள இருக்கிற எல்லாமே இப்ப சொத்துக் கணக்குல இருக்கு. உரிமையாளருங்க நீதிமன்றத்துக்கு முறைப்படி எழுதிக் கேட்டுக்கலாம். கெடு இருக்கு. கெடு தாண்டினா ஏலம்."

"அவங்களுக்கு யாரு அதைச் சொல்றது?"

"அறிவிப்பு வெளியாகும்."

"எங்க?"

அரசாங்கத்தின் ஏதோ ஒரு அறிவிப்புத் தாளின் பெயரைச் சொன்னார். பக்கத்து ஊரான தூர்குவானில் கேமராவைப் பழுது பார்க்க அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் எந்தக் கிழவன் அதை வாசிக்கப்போகிறான்?

"உள்ள இருக்கிறது எல்லாம் ஒண்ணுதாம்மா. என்னால பிரிச்சுப் பாக்க முடியாது" என்றார்.

ஒடீல் திரும்பி வந்து நேராகத் தம்பியிடம் போனாள். அவன் பீப்பாய்ப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து பத்திரிகைக்காரன் ஒருவனுக்குப் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முடிக்கும்வரை நின்றாள்.

"ரெமி, என் அலமாரியில இருக்கிறதை வெளிய விடணும். ஒரு வேன் போதும்."

"அக்கா, ஒண்ணை விட்டா எல்லாத்தையும் விட்டமாதிரி. வேன் கதவைத் திறந்தா போலீஸ் உள்ள வருவான்."

"அது நம்மளோடது இல்லடா."

"இங்க எதுதான் நம்மளோடது? உள்ள இருக்கிறது எல்லாம் ஒண்ணுதான்க்கா. பிரிச்சுப் பாக்க முடியாது."

 கோட்டுப் போட்டவர் சொன்ன அதே வார்த்தை. அவராவது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்.

"உனக்கு அந்தக் கோர்மியே மாதிரியே ஒரு கோட்டு வாங்கித் தரட்டுமா? அளவு எனக்குத் தெரியும்."

"அக்கா..."

"இஸ்திரியும் போட்டுத் தரேன்."

போய் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தாள். சிவப்பு டேப் ஒட்டிய பெட்டிகளை எல்லாம் இறக்கி, ஒரு பேலட்மேல் நேர்த்தியாக அடுக்கினாள். கனமானது கீழே, கேமராக்கள் மேலே. சுற்றிலும் பிளாஸ்டிக் உறை போட்டாள். வழி பிறந்ததும் ஒரே தூக்கில் வெளியே எடுத்துவிடலாம் என்று கணக்கு. அங்கேதான் சறுக்கியது. சிவப்பு டேப் ஒட்டிய பேலட் என்றால் கிடங்கு ஆட்களின் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷமாக அந்தப் பெட்டிகள் அலமாரியை விட்டுக் கிடங்குக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை.

வியாழக்கிழமை டீவிக்காரர்கள் வந்தார்கள். பேச்சுவார்த்தை ஓரங்குலம் நகரவில்லை. லக்ஸம்பர்க்கிலிருந்து யாரும் போனைக்கூட எடுக்கவில்லை. ரெமி பெட்டிமேல் ஏறிப் பேசினான். கால் மணி நேரத்துக்குள் இணங்காவிட்டால் ஒரு பேலட் எரியும், இணங்கும்வரை ஒவ்வொன்றாக எரியும் என்றான். உள்ளூர அவன் முட்டாள் இல்லை. நல்ல சரக்கை எரித்தால் புதையல் குறையும். ஆகவே ஆட்களிடம் முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லியிருந்தான்: "குப்பையிலேர்ந்து ஒண்ணு கொண்டாங்க. சிவப்பு ஒட்டினதா பாத்து. டீவியில யாருக்குத் தெரியப்போவுது?"

ஒடீல் அப்போது வாசல் பக்கம் எல்லாருக்கும் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஃபதேலாவின் ஃபோர்க்லிஃப்ட் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. கைதட்டல். பேலட் அவளைத் தாண்டிப் போனபோதுதான் பார்த்தாள். அவள் சுற்றிய உறை. அவள் ஒட்டிய பட்டைகள், ஒன்றுகூடக் கோணாமல்.

கரண்டியைச் சூப்புக்குள்ளேயே போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இளைஞர்கள் உறையைக் கிழித்து மேலே இருந்த சின்னப் பெட்டியை எடுத்துப் பீப்பாய்க்குள் எறிந்துவிட்டார்கள். தீ மேலே எழும்பியது. கேமராக்காரன் நெருங்கி வந்தான். ஒடீல் பீப்பாய்க்குள் கையை விட்டாள். சூப் பாத்திரம் பிடிக்கும் கைத்துணி ஒரு கையில் சுற்றியிருந்தது, மற்றது வெறுங்கை. பெட்டியை இழுத்து வெளியே போட்டு, காலால் மிதித்து அணைத்தாள். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத காரியம் செய்தாள். பேலட்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"யாருடா சொன்னது இதைக் கொண்டாரச் சொல்லி?"

அவள் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. நெடுஞ்சாலை இரைச்சலைத் தாண்டி அந்தக் குரல் போலீஸ்காரர்கள் நின்ற இடம்வரை போனது.

"அக்கா, இறங்கு. இது குப்பை. சிவப்புப் போட்டிருக்கு பாரு" என்றான் ரெமி. டீவிக்காரன் அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்றான்.

"குப்பையா? படிடா. மேல ஒட்டியிருக்கிறதைப் படி."

 ஃபதேலா எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துத் தானே படித்தாள். பெயர், ஊர், போன் நம்பர். அடுத்த பெட்டியிலும் பெயர், ஊர், போன் நம்பர். அவள் குரல் ஒவ்வொன்றுக்கும் இறங்கிக்கொண்டே போனது.

"ரெமி, இதெல்லாம் ஆளுங்களோடதுடா."

"நீதானே நல்லா ஓட்டுவே, ஃபதேலா? எடு. என்னோட சேத்துத் தூக்கிப் போடு உள்ள" என்றாள் ஒடீல். "இந்தக் கம்பெனியைத் திருடினவன் லக்ஸம்பர்க்குல உக்காந்து இதைப் பாத்துச் சிரிப்பான். அவன் சட்டையில ஒரு பொறி விழாது. விழறது யார் மேல? போன்ல என்னைத் திருடின்னு சொன்னாங்களே, அவங்க மேல. அவங்க சொன்னது சரின்னு ஆக்கப் பாக்கறியாடா? இதுக்கா உனக்குக் காலர் தேச்சுக் கொடுத்தேன்?"

ரெமியின் காது சிவந்துவிட்டது. சின்ன வயசில் ரொட்டியைத் திருடி மாட்டிக்கொண்டபோது சிவந்த அதே காது. டீவிக்காரனை ஒரு பார்வை பார்த்தான். அவன் கேமராவை இறக்கவில்லை. ரெமி மைக்கை யாரிடமோ நீட்டிவிட்டுக் கிடங்குக்குள் நடந்து போய்விட்டான்.

மறுநாள் காலையிலிருந்து ஒடீல் பெட்டிகளில் ஒட்டியிருந்த நம்பர்களுக்குப் போன் செய்தாள். "வந்து வாங்கிக்கங்க. வேற வழி கிடையாது." கட்டுப் போட்ட கையில் போனைப் பிடிக்க முடியாததால் ஃபதேலா பிடித்துக்கொண்டாள். வாடிக்கையாளர்கள் வந்தார்கள். கம்பிக் கதவின் இடைவெளி வழியாகச் சாமானைக் கொடுத்தார்கள். கொண்டாட்டம் ஒன்றும் நடக்கவில்லை. "இத்தனை மாசமா என்ன புடுங்கிட்டிருந்தீங்க?" என்றார் ஒருவர். இன்னொருத்தி திரையில் ஒரு கீறலைக் காட்டிச் சண்டை பிடித்தாள். ஒரே ஒரு கிழவி மட்டும் வெண்ணெய் பிஸ்கட் டப்பாவைக் கொடுத்துவிட்டு, "என் புருஷன் வேலை பாத்த சுரங்கத்தையும் இப்படித்தாம்மா மூடினாங்க" என்று சொல்லிப் போனாள். தூரத்து ஊர்க்காரர்களுக்குக் கிடங்கைப் பிடித்து வைத்திருந்தவர்களே தங்கள் கார்களில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போலீஸ்காரர்கள் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள்.

முடிவில் கிடைத்தது கேட்டதில் ஒரு துண்டு. ஒரு பேலட் எரிந்திருந்தால் முழுசும் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் ரூபேயில் உண்டு. சந்தையில் ஒடீலைப் பார்த்தால் வெங்காயம் பொறுக்குவதுபோல் பாவனை பண்ணித் திரும்பிக்கொள்வார்கள். சொத்துக் கணக்கில் இருந்ததைக் கடத்தினாள் என்று அவளைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்து உட்காரவைத்தார்கள். பிறகு ஒரு வார்த்தையும் இல்லை. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. தெவ்னானின் முகம் மட்டும் ஒரு வசந்தத்தில் டிராம் நிறுத்தத்தில், கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய விளம்பரத்தில் தென்பட்டது. லீல் நகரத்தில் சொற்பொழிவாம். தலைப்பு: வாடிக்கையாளரே எல்லாம். ஒடீல் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்தக் கண்ணாடியை, அவர் பல்வரிசை இருந்த இடத்தை, டிராம் வரும்வரை அழுத்தித் துடைத்தாள்.

ரெமி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வேறு கிடங்கில் வேலை கிடைத்தது; வேறு தெருவில் வீடு. அம்மாவின் அடக்கத்தன்றுதான் பக்கத்தில் வந்து நின்றான். அன்றும் பேசவில்லை. கோட்டின் மேல் பொத்தானைப் போடாமல் வந்திருந்தான்; அவள் போட்டுவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவான். அப்படி ஒரு ஞாயிறு, உருளைக்கிழங்கு பொரிக்க இருவரும் சமையலறையில் தோல் சீவிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் நின்றவர் தடி ஊன்றிய ஒரு கிழவர்.

"டெகேசர். தூர்குவான்" என்றார். "என் கேமரா ஒங்ககிட்ட இருக்குன்னு என் பழைய வீட்டுல இப்ப குடியிருக்கிற பொண்ணு சொன்னா. பல தடவை போன் பண்ணியிருக்கீங்களாமே."

ஒடீலுக்குப் பெயர் உடனே பிடிபட்டது. வாங்க வராத ஒரே ஆள். நெருப்பிலிருந்து எடுத்த அந்தச் சின்னப் பெட்டி. கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பக்கம் உருகிய மூடியை மாற்றி, லென்ஸைத் துடைத்து, பேட்டரி செத்துவிடாதபடி அவ்வப்போது சார்ஜ் போட்டு, அலமாரியில் வைத்திருந்தாள். புதுப் பெட்டிமேல் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை.

கொண்டுவந்து கொடுத்தாள். கிழவர் டேப்பைக் கிழித்து, கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. யாரோ ஒரு பெண் மணல்வெளியில் காற்றுக்குத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.  அவர் கேமராவின் ஓரத்தை விரலால் தடவினார்.

"இதுல ஒரு தோல் வார் இருந்துச்சே."

"இதோ இருக்கே சார்" என்றாள் ஒடீல்.

"இது என்னோடது இல்ல. என்னோடது பழுப்பு. அவ தச்சது."

சமையலறை வாசலில் ரெமி கத்தியும் கையுமாக வந்து நின்றான். ஒடீல் அவன் பக்கம் திரும்பவில்லை. அவனுக்காகப் பேசவும் இல்லை.

"ஒங்க வாரை நான் எரிச்சுட்டேன் சார்" என்றான் ரெமி.

"எதுக்கு?"

"டீவிக்காக."

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "டீவியையும் ஒங்க கம்பெனியிலதான் வாங்கினேன். அதுவும் உருப்படல." கேமராவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இனிமே ஒங்ககிட்ட ஒண்ணும் வாங்க மாட்டேன்."

"வாங்காதீங்க!" என்றாள் ஒடீல். "கம்பெனியே இல்ல, எங்கேர்ந்து வாங்குவீங்க?" கதவை அடித்துச் சாத்தினாள்.

 பிறகு கதவைத் திறந்து, தெருவில் தடி தட்டிப் போகிற முதுகைப் பார்த்துக் கத்தினாள்.

"சார்! மாசத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் போடுங்க! போடலேன்னா படம் பாக்க முடியாது!"

அவர் திரும்பாமல் தடியை ஒரு முறை தூக்கிக் காட்டினார். ஒடீல் உள்ளே வந்தாள். ரெமி மேசைத் துணியை எடுத்து, ஒரு துளித் தூசியும் இல்லாத மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூலையைத் துடைக்காம விட்டுட்டே" என்றாள்.